படிவத்தை நிரப்பியவர் மேல் பழி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆன்லைன் படிவத்தில் தான் நிரப்பிய விவரங்களில் பாதி, சேமித்த பிறகு காணவில்லை என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். அதற்கு மறுமொழியாக இன்னொரு வாசகர், அனுப்பும் முன் ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்தால் இந்தத் தொல்லையே வராது என்று அறிவுரை சொல்லியிருந்தார். முதல் கடிதம் எனக்குப் பழக்கமான புகார். இரண்டாவது அதைவிடப் பழக்கமானது. எங்கள் அலுவலகத்திலும் அதைத்தான் சொல்வார்கள்.

நான் வலைச் செயலிகளைச் சோதிக்கும் பிரிவில் நெடுங்காலமாக வேலை பார்ப்பவள். "நிரப்பினேன், காணோம், மறுபடி நிரப்பினேன், வந்துவிட்டது" என்கிற வகைப் புகார்தான் எங்களுக்கு வருவதிலேயே மோசமானது. எப்போதுமே உடைந்து கிடக்கிற படிவத்தை அன்றைக்கே சரிசெய்துவிடலாம். எப்போதாவது உடைகிற படிவத்தை யாரும் நம்ப மாட்டார்கள். புரோகிராமர் தன் கணினியில் திறந்து, பெயர்க் கட்டத்தில் 'அஆஇ' என்று தட்டி அனுப்பிப் பார்த்து, "எனக்கு நல்லாத்தானே வருது" என்பார். புகாரின் கீழே 'பயனர் தவறு' என்று எழுதி மூடிவிடுவார்கள். புகார் சொன்னவர் நிரப்பியது நாலு பக்கம், இவர் தட்டியது மூன்று எழுத்து. இரண்டும் ஒரே சோதனையா?

சரிபார்த்துவிட்டு அனுப்புவதில் தவறில்லை. ஆனால் அனுப்பும் முன் திரையில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். காணாமல் போவது அதற்குப் பிறகு. பொத்தானை அழுத்தியதும் அந்த விவரங்கள் பிரவுசரிலிருந்து கிளம்பி, வழியில் ஒன்றிரண்டு சர்வர்களைத் தாண்டி, ஒரு புரோகிராமின் கைக்குப் போய், கடைசியில் டேட்டாபேஸில் உட்கார வேண்டும். இதில் எந்த இடத்தில் விழுந்தாலும் நிரப்பியவர் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை.

இதில் மாயம் ஒன்றும் கிடையாது. சில பேருக்கு, சில நேரம் என்று தோன்றுவதெல்லாம், ஏதோ ஒரு எல்லையைத் தாண்டியவர்களுக்கு, ஏதோ ஒரு வழியாக வந்தவர்களுக்கு என்றுதான் பெரும்பாலும் கடைசியில் முடியும். எந்த எல்லை, எந்த வழி என்று தேடுவதுதான் வேலை. நான் பார்த்தவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். நிறுவனப் பெயர்கள் வேண்டாம்.

ஓரிடத்தில் கையிருப்புக் கணக்கை மாதக் கடைசியில் ஒரே பெரிய படிவமாக ஏற்றுவார்கள். பொருளுக்கு ஒரு வரி, வரிக்கு எட்டுக் கட்டம். சிறிய கிளைகளில் ஒழுங்காக ஏறும். பெரிய கிளைகளில் மட்டும் கடைசிச் சில பொருட்கள் விழுந்துவிடும்; அதுவும் எல்லா மாதமும் இல்லை. கிளை ஊழியர்கள் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் தலைமை அலுவலகத்தின் முடிவு. சேமிக்கப்பட்ட பட்டியல்களை அடுக்கிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது: எந்தப் பட்டியலும் 125 வரியைத் தாண்டவில்லை. எட்டால் பெருக்கினால் 1000. அவசரத்தில் விடுகிற ஊழியர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் 125 வரியிலா விடுவார்கள்?

வலைச் செயலிகளை எழுதப் பயன்படும் பிஎச்பி மொழியில் 'மேக்ஸ் இன்புட் வார்ஸ்' என்றொரு அமைப்பு இருக்கிறது. ஒரு கோரிக்கையில், அதாவது பிரவுசர் சர்வருக்கு ஒரு தடவை அனுப்புவதில், இத்தனை கட்டங்களைத்தான் ஏற்பேன் என்கிற வரம்பு அது. இயல்பான அளவு 1000. அதற்கு மேல் வந்ததை உதறிவிட்டு, சர்வரின் குறிப்பேடான லாகில் ஒரு எச்சரிக்கை வரியை எழுதிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் தொடரும். அந்த லாகை யாரும் திறக்கவில்லை என்றால் போச்சு. இந்த வரம்பு வந்ததற்கும் காரணம் உண்டு. 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில், திட்டமிட்டுத் தேர்ந்தெடுத்த ஏராளமான கட்டப் பெயர்களை ஒரே கோரிக்கையில் அனுப்பி ஒரு சர்வரைத் திணறடிக்க முடியும் என்று காட்டினார்கள். அடுத்த மாதமே, 2012 ஜனவரியில், பிஎச்பி 5.3.9 பதிப்பு இந்த வரம்போடு வந்தது. பாதுகாப்புக்காக வைத்த கதவு. ஆனால் நல்ல ஆளையும் அது சத்தமில்லாமல் பாதியில் நிறுத்துகிறது.

இதே கோளாறு இன்னொரு வேடத்திலும் வரும். போலிக் கோரிக்கைகளைத் தடுக்க ஒவ்வொரு படிவத்திலும் ஒரு ரகசியக் குறியீடு மறைவாக இருக்கும். அதைப் படிவத்தின் அடியில் வைத்திருந்தால், ஆயிரத்தைத் தாண்டும்போது முதலில் விழுவதில் அதுவும் ஒன்று. உடனே செயலி, "உங்கள் நேரம் முடிந்துவிட்டது, மீண்டும் உள்நுழையவும்" என்று சொல்லும். அந்தச் செய்தியை நம்பி, உள்நுழைவு நேரத்தை நீட்டிக்கொண்டே போன குழுவை எனக்குத் தெரியும். எதற்கு நீட்டினார்கள் என்று அவர்களுக்கே பிற்பாடு விளங்கவில்லை.

படம் இணைக்கும் படிவங்களில் வேறொரு கதை. பிஎச்பியில் ஒரு கோரிக்கையின் மொத்த எடைக்கு இயல்பான வரம்பு 8 எம்பி. அதைத் தாண்டினால் படம் மட்டும் விழும் என்று நினைப்போம். இல்லை, பெயர், முகவரி எல்லாம் சேர்த்து மொத்தப் படிவமும் காலியாகத்தான் புரோகிராமின் கைக்குப் போகும். பழைய கைபேசி வைத்திருப்பவருக்குச் சிறிய படம், சிக்கல் இல்லை. புதிய கைபேசியில் எடுத்த பெரிய படங்களை இரண்டு மூன்று சேர்த்தவருக்கு, "பெயரை நிரப்பவும்" என்று சிவப்பு எழுத்தில் வரும். அவர் பெயரைத்தான் முதலில் நிரப்பியிருப்பார், பாவம்.

தமிழில் நிரப்புகிறவர்களுக்கென்றே ஒரு கோளாறு இருக்கிறது. தமிழ் நாளிதழ் வாசகர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து. கணினியின் யூனிகோடு முறையில் அது ஐந்து குறிகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. இணையத்தில் வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், ஆக 15 பைட். சாதாரணப் படிவ முறையில் அனுப்பும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்தும் சேர்ந்த மூன்றாக மாறும். வழியில் போகும்போது அந்த ஒரு சொல்லுக்கு 45 இடம். ஐந்து ஆங்கில எழுத்துள்ள சொல்லுக்கு ஐந்தே இடம்.

எழுத்தைக் கணக்கிடுகிற வரம்பா, பைட்டைக் கணக்கிடுகிற வரம்பா என்பது இங்கேதான் பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவருகிறது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் 'டைனி டெக்ஸ்ட்' என்ற வகைக் கட்டம் 255 பைட் கொள்ளும். ஆங்கிலத்தில் முகவரி எழுத அது தாராளம். தமிழில் 85 குறிதான். 'தமிழ்' என்ற சொல்லையே இடைவெளி விடாமல் எழுதினால் 17 தடவை, அவ்வளவுதான். ஒரு செயலியில் முகவரிக் கட்டத்தை இப்படி வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு முழு முகவரியும் இருந்தது. தமிழில் எழுதியவர்களில் நீளமான முகவரிக்காரர்களுக்கு மட்டும் கடைசி வரி இல்லை. சோதித்த புரோகிராமர்கள் எல்லாரும் ஆங்கிலத்தில் தட்டிச் சோதித்தவர்கள். அளவு மிஞ்சினால் டேட்டாபேஸ் மறுக்க வேண்டாமா என்று கேட்கலாம். கண்டிப்பான முறையில் ஓடினால் மறுக்கும். 2015-இல் வந்த 5.7 பதிப்பிலிருந்து அதுதான் இயல்பு. பழைய செயலி உடைந்துவிடக் கூடாதே என்று பலர் அந்தக் கண்டிப்பை அணைத்துவைத்திருக்கிறார்கள். அப்போது டேட்டாபேஸ் மிச்சத்தை வெட்டிவிட்டு ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடும். எமோஜியும் இப்படித்தான். மைஎஸ்க்யூஎல்லின் பழைய 'யூடிஎஃப்8' ஒரு குறிக்கு 3 பைட்டுக்கு மேல் ஏற்காது. எமோஜிக்கு 4 வேண்டும். கண்டிப்பில்லாத முறையில், எமோஜி போட்ட இடத்திலிருந்து பின்னால் உள்ளது மொத்தமும் போய்விடும். கருத்துப் பெட்டியில் இரண்டாவது வாக்கியத்தின் முடிவில் ஒரு சிரிப்பு முகம் போட்டவருடைய மீதிக் கருத்து எங்கே போயிற்று என்று தேடினால் இதைத்தான் பார்க்க வேண்டும்.

பாதி மட்டும் காணவில்லை என்று எழுதிய வாசகரின் படிவம் பல பக்கங்களாக வந்திருந்தால் எனக்கு வேறு சந்தேகம். முதல் பக்கத்தில் நிரப்பியதை சர்வர் 'செஷன்' என்ற தற்காலிக இடத்தில் வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைக் கொடுக்கும். பிஎச்பியின் இயல்பான அமைப்பில், 1440 விநாடி, அதாவது 24 நிமிடம் தொடப்படாமல் கிடந்த செஷன் துப்புரவுக்கு உரியது. ஆனால் அந்தத் துப்புரவு உடனே நடக்காது. செஷன் தொடங்குகிற ஒவ்வொரு கோரிக்கையின்போதும் நூற்றில் ஒன்று என்ற வாய்ப்பில், பகடை உருட்டுவதுபோல் நடக்கும். ஏதோ ஒரு சான்றிதழ் எண்ணைத் தேடி எடுக்க அரை மணி நேரம் எழுந்து போனவர் இரண்டு பேர் இருந்தால், ஒருவருக்குப் பழைய விவரம் பத்திரமாக இருக்கும், மற்றவருக்கு இருக்காது. முதல் பக்கங்கள் போய்விட, கடைசிப் பக்கம் மட்டும் சேமிக்கப்படும். ஒரே சர்வரில் பல செயலிகள் செஷன் கோப்புகளை ஒரே இடத்தில் வைத்தால் இன்னும் வேடிக்கை: குறைந்த நேரம் வைத்திருக்கிற செயலி வந்து மற்றதன் கோப்புகளையும் பெருக்கிவிட்டுப் போகும்.

அப்புறம், பல சர்வர்கள் சேர்ந்து ஓடுகிற இடங்களில், மூன்றில் ஒன்றில் மட்டும் பழைய அமைப்பு இருந்துவிட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு கோரிக்கை கெடும். செஷனை ஒரு சர்வர் தன்னிடமே வைத்துக்கொண்டு, அடுத்த பக்கம் இன்னொரு சர்வருக்குப் போனாலும் இதே கதிதான். எந்த சர்வர் பதில் சொன்னது என்று லாகில் ஒரு பெயர் எழுதினால் பட்டென்று தெரிந்துவிடும். அந்த ஒரு வரியை எழுதாமல் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ரீடைரக்ட் விவகாரமும் அடிக்கடி வரும். பாதுகாப்பில்லாத பழைய முகவரிக்குப் படிவத்தை அனுப்பினால் சர்வர் "புதிய முகவரிக்குப் போ" என்று 301 அல்லது 302 எண்ணோடு திருப்பிவிடும். பிரவுசர் போகும், ஆனால் விவரங்களைச் சுமந்துபோகும் போஸ்ட் கோரிக்கையை, பக்கத்தை மட்டும் கேட்கும் கெட் கோரிக்கையாக மாற்றிக்கொண்டு, விவரங்களைக் கீழே போட்டுவிட்டுப் போகும். 307, 308 என்றால் மாற்றாமல் கொண்டுபோகும். ஏதோ ஒரு பழைய பக்கத்தில் மட்டும் முகவரி மாற்றப்படாமல் இருந்தால், அந்தப் பக்கம் வழியாக வந்தவர்களுக்கு மட்டும் படிவம் காலியாகப் போகும்.

பிரவுசர் பக்கமும் குற்றமற்றது அல்ல. 'டிஸேபிள்' செய்த, அதாவது முடக்கிவைத்த, கட்டம் போகாது, பெயர் வைக்காத கட்டம் போகாது, டிக் செய்யாத செக்பாக்ஸ் 'இல்லை' என்றுகூடச் சொல்லாது, ஒன்றுமே அனுப்பாது. இருமுறை அழுத்துவதைத் தடுக்கிறேன் என்று பொத்தானை ஸ்கிரிப்ட் (பிரவுசரில் ஓடும் சிறு புரோகிராம்) அவசரமாக முடக்கினால் அந்தப் பொத்தானின் மதிப்பும் போகாமல் போகலாம். அனுப்பும் வரியைக் கையாலேயே கோத்து எழுதிய ஸ்கிரிப்டுகளில், யாராவது தங்கள் பெயரில் '&' குறி போட்டால் அதோடு பெயர் முறிந்துவிடும், ஏனென்றால் அந்தக் குறிதான் கட்டங்களைப் பிரிக்கும் குறி. தொலைபேசி எண்ணுக்கு முன்னால் போட்ட பிளஸ் வெற்றிடமாகிவிடும். பக்கங்களை உருவாக்க உதவும் வியூ போன்ற கட்டமைப்புகளில், விசைப்பலகை ஒரு சொல்லை இன்னும் சேர்த்துக்கொண்டிருக்கும்போது, கட்டத்தைப் புரோகிராமோடு இணைக்கும் வழக்கமான முறை அந்த மதிப்பை எடுத்துக்கொள்ளாது. ஆங்கிலத்தை நேரடியாகத் தட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், நிறுவன உள்நுழைவு முறை உள்ள தளங்களில், "எப்படியும் நீ அடையாளம் கேட்பாய்" என்ற நினைப்பில் முதலில் காலிப் படிவத்தை அனுப்பும். சர்வர் அடையாளம் கேட்காமல் அப்படியே வாங்கிக்கொண்டால் தீர்ந்தது கதை. அந்த பிரவுசர் 2022-இல் ஓய்வுபெற்றது. ஆனால் அதற்காக எழுதிய சமாளிப்பு வரிகள் இன்னும் சில சர்வர்களில் கிடக்கின்றன.

இத்தனை சாத்தியங்கள் இருக்கும்போது ஊகித்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது வீண் வேலை. பாதையின் நடுவிலிருந்து தொடங்க வேண்டும். சர்வரின் வாசலில், புரோகிராம் தொடுவதற்கு முன், வந்து சேர்ந்த கட்டங்களின் பெயரையும் ஒவ்வொன்றின் நீளத்தையும் எழுதிவைக்க வேண்டும். மதிப்புகளை எழுதக் கூடாது. கடவுச்சொல்லும் அந்தரங்க விவரங்களும் லாகில் போய் உட்கார்ந்தால் அது வேறு குற்றம். வாசலில் எல்லாம் இருக்கிறது, டேட்டாபேஸில் இல்லை என்றால் பிரவுசரும் இணையமும் தப்பித்தார்கள். உள்ளே தேடினால் போதும். வாசலிலேயே இல்லை என்றால் உள்ளே தேட வேண்டாம். ஒவ்வொரு சமர்ப்பிப்புக்கும் ஓர் எண் கொடுத்து அதே எண்ணை எல்லா இடத்திலும் எழுதினால் ஒரு புகாரை முழுப் பாதையிலும் பின்தொடரலாம். வருவதாகச் சொன்ன பைட் எவ்வளவு, வந்தது எவ்வளவு என்பதையும் ஒப்பிட வேண்டும். பாதியில் அறுந்த இணைப்பு அதில் தெரிந்துவிடும்.

புகார் சொல்பவரிடம் கேட்கும் கேள்விகளும் மாற வேண்டும். "எல்லாக் கட்டத்தையும் நிரப்பினீங்களா?" என்பது விசாரணை அல்ல, குற்றச்சாட்டு. எந்த மணிக்கு அனுப்பினார், நிரப்ப எவ்வளவு நேரம் பிடித்தது, கைபேசியா கணினியா, தமிழிலா ஆங்கிலத்திலா, படம் இணைத்தாரா, அதே தளம் இன்னொரு டேபில் திறந்திருந்ததா, பின்னோக்கிப் பொத்தானைத் தொட்டாரா என்று கேட்கட்டும்.

கையிருப்புக் கணக்கு நிறுவனத்தில் முதலில் 1000 என்ற வரம்பை 5000 ஆக்கினார்கள். அதை நான் தீர்வு என்று ஏற்கவில்லை. 5000-ஐத் தாண்டும் நாளில் அதே ஊழியர்கள் மேல் அதே பழி விழும். பிறகுதான் உருப்படியாக ஒன்று செய்தார்கள். "மொத்தம் இத்தனை வரிகள்" என்ற எண்ணிக்கையைப் படிவத்தின் தலையிலேயே வைத்து அனுப்பினார்கள். கையில் கிடைத்த வரிகளும் அந்த எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் செயலி எதையும் சேமிக்காது, அனுப்பியவரிடம் உண்மையைச் சொல்லும். என் கணக்கில் விவரம் தொலைவதைவிடப் பெரிய குற்றம், தொலைந்த பிறகும் பச்சை எழுத்தில் 'வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது' என்று காட்டுவது. அந்தச் செய்தியை வாங்கிக்கொண்டு போனவரிடம் பிற்பாடு வந்து "நீங்கள் நிரப்பவில்லை" என்று சொல்ல எந்த நிறுவனத்துக்கும் உரிமை இல்லை.

இதுபோன்ற செயலிகளை வெளியாரிடம் கொடுத்துச் செய்துவாங்குகிறவர்கள் இந்தக் கடிதத்தைப் படித்தால், ஒப்பந்தத்தில் இரண்டே விஷயங்களைச் சேர்க்கச் சொல்கிறேன். சேமித்ததும் காட்டும் ரசீதுப் பக்கம், பயனர் அனுப்பியதை அப்படியே திருப்பிக் காட்டக் கூடாது. டேட்டாபேஸிலிருந்து மறுபடி படித்துக் காட்ட வேண்டும். முகவரியின் கடைசி வரி விழுந்திருந்தால் அந்த நிமிடமே கண்ணில் படும். இரண்டாவது, லாகை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பது. இடத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று ஒரு வாரத்தில் அழித்துவிடுகிறார்கள். மாதக் கடைசியில் ஏற்றிய கணக்கில் பொருள் விழுந்தது அடுத்த மாதக் கடைசியில்தான் தெரியும். அதுவரைக்குமாவது லாக் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வலைச் செயலிகளைச் சோதிக்கும் பணியில் உள்ள உங்கள் வாசகி